ஹீல்ஸும் மூன்றாவது ஓலையும்

கிறிஸ்துதாஸை எனக்குப் பார்த்த அன்றே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவன் கண்ணைத்தான் சொல்வேன். ஒரு பெண்ணை எல்லாரும் முகத்திலிருந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். அவன் காலிலிருந்து ஆரம்பித்தான். அதில் மரியாதை ஒன்றும் இல்லை. செருப்புக் கடைக்காரன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், அம்பத்தூர் மாதா கோயில் வாசல். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆவடியிலிருந்து அவன் செலினைப் பெண் பார்க்க வந்திருந்தான். நேராக வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் பெண் பார்ப்பது எங்கள் ஜனங்கள் வழக்கம். செலினுடைய ஆட்கள் வேதக்காரர்கள். முதலில் கோயிலில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் பெண்ணை நிற்க வைத்து, பார்க்கிற மாதிரியும் பார்க்காத மாதிரியும் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால்தான் வீட்டுப்படி ஏறுவார்கள். செலினுக்கு அம்மா இல்லை. அதனால் புடவை கட்டிவிட்டு, துணைக்கு நிற்க நான் போயிருந்தேன்.

நானும் செலினும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். சுவிட்ச் பூட்டுகிற லைனில் அவள் நின்றால் அடுத்தது நான். நாள் முழுக்க நின்றபடியே வேலை, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. செருப்போடு வந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கம்பெனியே எல்லாருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ கொடுத்தது. புடவைக்குக் கீழே லேஸ் கட்டின வெள்ளை ஷூ. நாங்கள் கள்ளிக்குப்பம் ரோட்டில் நடந்து போனால், டீக்கடை பெஞ்சில் குந்தியிருக்கிற சோம்பேறிகள் கேன்வாஸ்காரி போகிறாள் பார் என்று இளிப்பார்கள். இளிக்கட்டும். ஞாயிறு சாயந்திரம் வெள்ளைக் கட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவைத்தால் திங்கட்கிழமை பளிச்சென்று இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது எனக்கு ஒரு திமிர் வரும். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செலினுக்கும் எனக்கும் கால் அளவு ஒன்றே. லாக்கரில் ஷூ மாறிப்போய் நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே கிடையாது.

ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் காலில் கேன்வாஸ் இல்லை. பையன் ஆறடி என்று தரகர் சொல்லியிருந்தார். செலின் என் காதுக்கு வருவாள். நானே ஒன்றும் பனைமரம் இல்லை. இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் பெண் குள்ளம் என்று தட்டிக்கழித்துவிட்டுப் போனதால், அவள் அப்பா செபாஸ்டியன் எதிர்வீட்டு டீச்சரிடம் ஒரு ஜோடி ஹீல்ஸ் இரவல் வாங்கி வந்துவிட்டார். புடவையைத் தரையில் புரளுகிற மாதிரி இறக்கிக் கட்டு என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். செலின் விழுந்துவிடாமல் இருக்கக் கெபியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்தவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும்.

கிறிஸ்துதாஸுக்குப் பிடித்துவிட்டது. அவன் அம்மா சகாயமேரிக்கும் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு உறுதி பேச வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள்.

இரவல் வாங்கத் தெரிந்த செபாஸ்டியனுக்கு ஒரு விஷயம் மட்டும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வந்தவர்கள் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செலின் காபித் தட்டோடு வெறுங்காலில் வந்து கிறிஸ்துதாஸ் முன்னால் நின்றபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது. உட்கார்ந்திருந்தவனுக்கும் நின்றிருந்தவளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சகாயமேரி காபியைக் கையில் வாங்கவில்லை. "இன்னாங்க இது, கோயில்ல பாத்தது ஒரு பொண்ணு, ஊட்ல கீறது ஒரு பொண்ணா?" என்று செபாஸ்டியனைக் கேட்டாள். இப்படி ஏமாற்றிப் பெண் கொடுப்பதற்கு எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றும் கேட்டாள். பெற்ற தகப்பனை அவர் வீட்டிலேயே வைத்துத் திருடன் மாதிரி நிறுத்திவிட்டாள். செபாஸ்டியன் நெஞ்சுவலி வந்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். தான் போவதற்குள் மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் தலையில் ஓடியது.

கிறிஸ்துதாஸ் பெரிய மனசுக்காரன் போலத் தாயை அடக்கினான். "உயரமா கீறது முக்கியம் இல்லம்மா. உயரமா தெரியணும், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொம்பளைக்கு அழகு ஹீல்ஸா, கேன்வாஸா என்று ஆம்பளைகள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். கிறிஸ்துதாஸ் ஏதோ மெஷின் விற்கிற கம்பெனியில் இருக்கிறவன். பெரிய ஓட்டல்களில் நடக்கிற மீட்டிங்குகளுக்கெல்லாம் போவானாம், அங்கே வருகிற அதிகாரிகளின் பெண்டாட்டிமார் ஹீல்ஸில்தான் வருவார்களாம். ஹீல்ஸ் போட்டால் நடையே மாறிவிடுமாம், முதுகு நிமிருமாம், புடவை கொசுவம் விழுகிற விதமே தனியாம். அவனோடு வந்த சித்தப்பா ஒருத்தர் அப்படியெல்லாம் இல்லை, இப்போது டிவியில் வருகிற பெண்கள் கேன்வாஸில்தான் சுறுசுறுப்பாக அழகாக இருக்கிறார்கள் என்றார். அது பேன்ட் போட்டால் சரி, புடவைக்குப் போட்டால் ஆஸ்பத்திரி ஆயா மாதிரி இருக்கும் என்று கிறிஸ்துதாஸ் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். செபாஸ்டியனும் சிரித்தார், பாவம். ஒரு தட்டு பஜ்ஜி தீர்ந்து இன்னொரு தட்டு போயிற்று. செலின் சமையல்கட்டு வாசலில் கால் விரல்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "கால் யாருதோ அவள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன்.

சகாயமேரி என் பக்கம் திரும்பி, இது யார் என்று கேட்டாள். கூட வேலை செய்கிற பெண், கன்னியம்மா என்று செபாஸ்டியன் அவசரமாகச் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், தாலி இல்லாததைப் பார்த்தாள், கடைசியில் என் காலையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரு பதில் சொல்லக்கூடத் தேவையில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

செலின் இனிமேல் ஹீல்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், அப்படியானால் சம்மதம் என்று பேச்சு முடிந்தது. பெண்ணுக்குக் கல்யாணப் புடவையும், முக்காடும், செருப்பும் மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். புடவைக்கு முன்னாலேயே செருப்பு வந்து சேர்ந்தது. வெள்ளை ஹீல்ஸ், கணுக்காலைச் சுற்றி பக்கிள் வைத்த வார், ஆணி மாதிரி குதிகால். கல்யாணத்தன்று தடுமாறக் கூடாது, அதனால் இப்போதிருந்தே போட்டு நடந்து பழக வேண்டும் என்று சகாயமேரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

செலின் அதை வீட்டில் வைத்துவிட்டு எப்போதும்போல வேலைக்கு வந்தாள். அந்த வாரமே ஒருநாள் ஷிப்டு முடிந்து நாங்கள் வெளியே வரும்போது, கேட்டுக்கு எதிரே கிறிஸ்துதாஸ் ஸ்கூட்டரோடு நின்றான். அவன் பார்வை நேராக அவள் காலுக்குப் போனது. அங்கே கேன்வாஸ் இருந்தது. ஐம்பது பெண்கள் போகிற வழியில் வைத்து, ஹாக்கி ஆடிவிட்டு வருகிறாயா என்று கேட்டான். என் கூட வேலை பார்க்கிறவர்கள் யாராவது இந்தக் கோலத்தில் உன்னைப் பார்த்தால் நான் எந்த முகத்தோடு கல்யாணப் பத்திரிகை கொடுப்பது என்றான். கம்பெனிக்குள் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், ரோட்டில் இறங்கினால் ஹீல்ஸ்தான் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனான். அவளை வீட்டில் கொண்டுபோய் விடக்கூட இல்லை.

அன்றிலிருந்து செலின் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு, கேன்வாஸை ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

என் அம்மா ராஜம்மா பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் கழனியில் நடவு நட்டுப் பிழைத்தவள். அவளுக்கு ஒரே ஒரு ரப்பர் செருப்பு உண்டு. பெரிய தெரு முனை வந்ததும் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். தெருவைத் தாண்டியதும் கீழே போட்டு மாட்டிக்கொள்வாள். யாரும் அவளை அடித்து மிரட்டி நான் பார்த்ததில்லை. திண்ணையிலிருந்து பார்க்கிற பார்வையே போதுமாக இருந்தது. ஏன் கழற்றுகிறாய் என்று நான் கேட்டால், சும்மா வா என்பாள். காலில் போட வேண்டியதைக் கையில் தூக்கிக்கொண்டு போகிற எவளைப் பார்த்தாலும் எனக்கு அவள் ஞாபகம்தான் வரும். இதை நான் செலினிடம் சொல்லியிருக்கிறேன்.

"அட்ஜஸ் பண்ணிக்கிறேன் கன்னி," என்றாள் அவள். "எங்கப்பா இன்னும் எத்தினி நாளு தரகர் பின்னால சுத்தும், சொல்லு. இந்த எடமும் போச்சின்னா அது தாங்காது."

பயம்தான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். பிடித்திருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவள் ஒரு ஸ்க்ரூவை எடுத்து இரண்டு முறை தவறவிட்டாள்.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்ததும் அவர்கள் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஓலை என்றால் என்ன என்று செலினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பையன் பெயரையும் பெண் பெயரையும் படித்து, இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை இருப்பது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஜனங்களிடம் கேட்பாராம். மூன்று முறையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் தாலி கட்டலாம். எனக்கு அந்த வழக்கம் நன்றாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் இப்படி யார் கேட்கிறார்கள்? என் கல்யாணத்தில் கேட்டிருந்தால், அவனுக்கு ஏற்கெனவே திருத்தணியில் ஒருத்தி இருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நான் தாலியைக் கழற்றி அவன் மூஞ்சியில் வீச வேண்டிய வேலை மிச்சமாகியிருக்கும்.

முதல் ஓலை போயிற்று. இரண்டாவது ஓலையும் போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஓலைக்கு அடுத்த புதன்கிழமைதான் அது நடந்தது. ஷிப்டு முடிந்து வருகிறோம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துதாஸ் ஸ்கூட்டரில் உட்கார்ந்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தையல்காரரிடம் அளவு கொடுக்கச் செலினை அழைத்துப்போக வந்திருந்தான். கேட் இறங்கிவிட்டது. கேட் இறங்கினாலும் குனிந்து நுழைந்து ஓடுவது எங்கள் ஊர் ஆட்களின் கெட்ட பழக்கம். அவன் வேறு கையை ஆட்டி ஆட்டி வா வா என்று கூப்பிட்டான். செலின் குனிந்தாள். நானும் அவள் பின்னாலேயே குனிந்தேன்.

நடுவில் போகும்போது அவள் நின்றாள். தண்டவாளத்தை ஒட்டிப் பலகைக்கு நடுவே சக்கரம் போகிற சந்து இருக்கிறதே, அதில் ஹீல்ஸின் குதி சொருகிக்கொண்டது. இழுக்கிறாள், வரவில்லை. சாதாரணச் செருப்பு என்றால் உதறிவிட்டு ஓடியிருப்பாள். கணுக்காலில் பக்கிள். ஆவடிப் பக்கமிருந்து மின்சார ரயில் ஊதிக்கொண்டு வருகிறது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஜனங்கள் கத்துகிறார்கள். நான் கீழே குந்திப் பக்கிளைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. வாரைப் பல்லால் கடித்து இழுத்தேன். எப்படி அறுந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து உருட்டித் தள்ளினேன். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தோம். ரயில் போன காற்றில் என் தலைமுடியெல்லாம் முகத்தில் அடித்தது.

அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, முழங்கையில் ரத்தம். நான் தாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் கொண்டுபோனேன். பூ விற்கிற கிழவி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். கிறிஸ்துதாஸ் ஸ்கூட்டரை விட்டு இறங்கி வந்தான். அவள் காலைப் பார்த்தான். ஒரு காலில் ஹீல்ஸ் இருந்தது, ஒரு கால் வெறுங்கால்.

"ஷூ எங்க?" என்றான்.

நான் காது கொடுத்துக் கேட்டேன். அதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை. அதற்கு அப்புறம் அடிபட்டதா என்றும் கேட்டான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டாவது.

மறுநாள் லைனில் அவள் காலில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். ஆறடி வளர்ந்தவனுக்கு அறிவு வளரவில்லை, இவனை உதறிவிடு என்று நான் சொன்னேன். நான் விடவில்லை. உன் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும் என்று நீ செத்துப் போவாயா, நீ செத்தால் அவருக்கு நெஞ்சு வலிக்காதா என்று கேட்டேன். அவர்கள் வேறு ஜோடி வாங்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும் நான் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் சட்டென்று திரும்பினாள்.

"உன் புருசன் உன்ன ஏமாத்திட்டான்னு, ஊர்ல கீற எல்லா கல்யாணமும் நிக்கணுமா? உனுக்குப் பொறாம கன்னி. உன் வேலயப் பாரு."

ஏழெட்டு வருஷம் ஒரே லைனில் நின்றவள் சொன்னாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அவள் பார்க்கிற மாதிரி விடுவேனா? அந்த வாரம் மிச்சமிருந்த நாட்களில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்க்ரூ டப்பாவை அவள் என் பக்கம் தள்ளினால் நான் அதைத் தொடாமல் வேறு டப்பா எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்தேன். நல்ல புடவை ஒன்று கட்டினேன். வெள்ளை பூசிக் காயவைத்த கேன்வாஸை மாட்டி லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். அது மூன்றாவது ஓலை. அவள் என்னைத் திட்டினாள் என்பதற்காக ரயில் வந்தது இல்லையென்று ஆகிவிடாது. கண்ணால் பார்த்தவள் நான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அவர்கள் சாமியாரே கேட்கும்போது, நான் ஏன் சொல்லக் கூடாது?

கோயில் வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். என் கேன்வாஸையும் கழற்றி ஓரமாக வைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே புத்தம் புதுசாக ஒரு வெள்ளை ஹீல்ஸ் நின்றது. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. போன ஜோடியைவிடக் குதி இன்னும் உயரம்.

பெண்கள் பக்கம் முன்வரிசையில் செலின் சகாயமேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்து எல்லாருமாகக் கல்யாணப் புடவை எடுக்கப் போவதாக ஏற்பாடு. ஆண்கள் பக்கம் செபாஸ்டியனும் கிறிஸ்துதாஸும் இருந்தார்கள். நான் தூண் ஓரமாக உட்கார்ந்தேன். எழுந்தபோது எழுந்தேன், முழங்கால் போட்டபோது போட்டேன். கடைசியில் சாமியார் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். ஆவடி கிறிஸ்துதாஸ், அம்பத்தூர் செலின், மூன்றாம் முறை, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்.

நான் எழுந்து நின்றேன். "எனக்குத் தெரியும் சாமி," என்றேன்.

கோயில் முழுக்கத் திரும்பியது. சாமியார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அதை இங்கே சொல்லக் கூடாது, பூசை முடிந்து அறைக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டும் அம்மா என்றார். எனக்கு அதை யார் சொன்னார்கள்? பஞ்சாயத்தில் கேட்டால் பஞ்சாயத்திலேயே சொல்வதுதான் எனக்குத் தெரிந்த முறை. எழுந்தது எழுந்தாயிற்று, இனி உட்கார்ந்தால் பொய் சொல்ல வந்தவள் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

"இந்தப் பொண்ணு காலு தண்டவாளத்துல மாட்டிக்கினு கீது, ரயிலு வந்துகினு கீது. அவ பொழச்சி வந்ததும் இந்த மாப்ள கேட்ட மொத கேள்வி, ஷூ எங்கன்னு. இது தடையா இல்லியா, நீங்களே சொல்லுங்க சாமி."

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அதற்கப்புறம் கோயில் கோயிலாக இல்லை. இந்தப் பொம்பளை யார், எந்த மதம், இவளை யார் உள்ளே விட்டது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சகாயமேரி எழுந்து, தாலி அறுத்தவளுக்கு அடுத்தவள் தாலி பொறுக்காது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கிறிஸ்துதாஸின் முகம் கறுத்துவிட்டது. செபாஸ்டியன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நிமிரவில்லை. கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். தொடாதே, நானே போகிறேன் என்று அவரை உதறிவிட்டு வெளியே வந்தேன். செலின் மட்டும் திரும்பியே பார்க்கவில்லை. அவள் பின்கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. கேன்வாஸை மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தேன். ஏன் போக வேண்டும் என்று நின்றேன். அறைக்கு வந்து சொல்லு என்றாரே, அறைக்குப் போய் இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று கெபிக்குப் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செலின் வெளியே வந்தாள். பிசகின காலை இழுத்து இழுத்து வந்தாள். முகம் எரிந்துகொண்டிருந்தது. என்னை அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளக் கூடாது, திருப்பி அறைந்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"உன்ன யாருடி எழுந்து நிக்கச் சொன்னது?" என்றாள். "அங்க எழுந்து நிக்க வேண்டியவ நானு. என் வாயால சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட. இனிமே ஊர்ல கன்னியம்மா நிறுத்துன கல்யாணம்னுதான சொல்லுவாங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் படியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். ஹீல்ஸை எடுக்கப் போகிறாள் என்று பார்த்தால், என் கேன்வாஸை இழுத்து மாட்டினாள். வீங்கின காலில் லேஸைத் தளர்த்தி, மறுபடி இறுக்கிக் கட்டினாள். அதற்குள் ஜனங்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். கிறிஸ்துதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நடந்தது நடந்துவிட்டது, ஒரு பைத்தியம் உளறியதற்காக நாம் ஒன்றும் செய்ய முடியாது, புடவை எடுக்க நேரமாகிறது என்றான். அப்புறம் அவன் பார்வை வழக்கப்படி கீழே போனது.

"அதக் கழட்டு செலின். எல்லாரும் பாக்கறாங்க."

செலின் எழுந்து அவனுக்கு எதிரே நின்றாள். அவன் நெஞ்சுக்குத்தான் வந்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு சாமியார் அறைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன், செபாஸ்டியனும் ஓடி வந்தார், பாதிக் கூட்டமும் வந்தது. அறைக் கதவு திறந்தே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"மூணு வாரமா தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டீங்க ஃபாதர்," என்றாள். "தடை நான்தான். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சாமியார் அவளை உட்காரச் சொன்னார். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார். கோபத்தில் எதையும் முடிவு செய்யக் கூடாது, அப்பாவின் உடம்பையும் நினைத்துப் பார் என்றார்.

"அப்பாவ நெனச்சிதான் இத்தினி நாளு நடந்தேன் ஃபாதர். நடந்த காலு என்னுது." அவள் உட்காரவே இல்லை.

சாமியார் செபாஸ்டியனைப் பார்த்தார். செபாஸ்டியன் மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணுக்கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. அவர் மெதுவாக வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "ஊட்டுக்குப் போலாம் வா," என்றார். சாமியார் காகிதத்தை மடித்து மேசை டிராயருக்குள் போட்டார்.

அப்பாவும் மகளும் கூட்டத்துக்கு நடுவே நடந்து போனார்கள். செலின் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் ஷூவைத்தான் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பாவது அவளுக்கு இருந்ததா என்று தெரியவில்லை. சகாயமேரி போகிறபோது என் காலடியில் காறித் துப்பிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள். எவளைக் கட்டினாலும் முதலில் அவள் முகத்தைப் பார் என்று நான் கிறிஸ்துதாஸுக்குச் சொன்னேன். ஸ்கூட்டர் சத்தத்தில் அது அவன் காதில் விழுந்திருக்காது.

ஜனங்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். கடைசியில் வாசலில் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் நின்றது, அந்த வெள்ளை ஹீல்ஸ். உபதேசியார் அதைக் காட்டி, உன்னுடையதை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார். என்னுடையது இல்லை என்றேன். பின்னே எதைப் போட்டுக்கொண்டு போவாய் என்று கேட்டார்.

எனக்குச் சேரும் அளவுதான். காலை நுழைத்துப் பார்க்க மனசு வரவில்லை. மத்தியானத் தார்ரோடு கள்ளிக்குப்பம் வரைக்கும் கொதித்துக்கொண்டு கிடந்தது. விட்டுவிட்டுப் போனால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கையிலாவது எடுத்துக்கொள்ளலாம் என்று வாரைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டும் என் கையில் தொங்கின. நான்கு அடி நடந்திருப்பேன். என் அம்மா ராஜம்மா பெரிய தெருவில் நடக்கிற நடையை என் கை எனக்குக் காட்டியது.

திரும்பி வந்து இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினேன். தார் சுட்டது. வழி நெடுக செலினை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாளைக்கு லைனுக்கு வரட்டும், ஷூவுக்கு வெள்ளை பூசிக் கொண்டுவரவில்லை என்றால் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள், இன்றைக்குக் கேன்வாஸ் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். இரண்டு கையையும் நன்றாக வீசிக்கொண்டு நடந்தேன்.